உள்ளூரில் எடுத்த படம்: முதல் காட்சி கோவாவிலா, திருவனந்தபுரத்திலா, சென்னையிலா?

ஒரு படம் முடிந்து கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தைச் சுற்றி நடக்கிற கதை, 95 நிமிடம். நடித்தவர்களில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள், உப்பு வாருகிறவர்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. விநியோகஸ்தர் யாரும் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தப் படத்தை முதன்முதலாக எந்தத் திரைப்பட விழாவில் காட்டுவது?

முதல் படம் எடுத்த இயக்குநர்கள் பலர் கண்ணில் பட்ட விழாக்களுக்கெல்லாம் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு, எது முதலில் பதில் போடுகிறதோ அங்கே காட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். ஒரு படத்துக்கு முதல் காட்சி ஒன்றுதான். அது எங்கே நடக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த ஓராண்டுக்கு அந்தப் படம் எந்தெந்தக் கதவைத் தட்டலாம் என்பது முடிவாகிறது. விருதுத் தொகையையோ விழாவின் பெயரையோ பார்த்து இதைத் தீர்மானிக்கக் கூடாது. அன்றைக்கு அந்த அரங்கில் யார் உட்கார்ந்திருப்பார்கள், படம் முடிந்ததும் அவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்க வேண்டும். நான் இங்கே எல்லா விழாக்களையும் இந்த ஓர் அளவுகோலை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

வெளிநாட்டு ஆசையை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கையும் கலைப்பது அதுதான். ரோட்டர்டாம் விழா ஜனவரிக் கடைசியில் தொடங்கும், பெர்லின் பிப்ரவரியில். இந்த மாதிரிப் பெரிய விழாக்கள், அதிலும் அவற்றின் போட்டிப் பிரிவுகள், வேறெங்கும் காட்டாத படத்தைத்தான் விரும்பும். நவம்பரிலோ டிசம்பரிலோ இந்தியாவில் ஒருமுறை திரையிட்டுவிட்டால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகலாம். சில பிரிவுகள் சொந்த நாட்டில் காட்டிய படத்தையும் ஏற்கும். விழாவுக்கு விழா, பிரிவுக்குப் பிரிவு விதி மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் விதியை வரி விடாமல் படித்துவிடுங்கள்.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ போன வழி நமக்கெல்லாம் தெரியும். மதுரை மாவட்டத்து வறண்ட மண்ணில் எடுத்த படம், 2021இல் ரோட்டர்டாமின் டைகர் விருதை வாங்கியது. பரிசு 40,000 யூரோ. அந்த ஆண்டே ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரையாகவும் போனது. கேரளத்தில் கொரோனாவால் தள்ளிப்போய் 2022 மார்ச்சில் நடந்த விழாவில் பார்வையாளர் விருது உட்பட விருதுகளை அள்ளியது. சாதாரணத் தமிழ்ப் பார்வையாளர் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்க 2023 அக்டோபர் வரை, அதாவது விருதுக்குப் பிறகு இரண்டரை ஆண்டுக்கு மேல், காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தில் எனக்கு மனக்குறை ஏதும் இல்லை, பெருமைதான். ஆனால் அதற்குப் பின்னால் காத்திருக்க முடிந்த ஒரு தயாரிப்பு நிறுவனம் இருந்தது. உங்களுக்குப் பின்னால் இருப்பது மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் என்றால் கணக்கு வேறு. ஒரு சீசன் முயன்று பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் இன்னோர் ஆண்டு படத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். அந்த ஓராண்டில் படம் பழசாகிறதோ இல்லையோ, அதில் உழைத்தவர்கள் சோர்ந்துபோவார்கள்.

சரி, இந்தியாவுக்கு வருவோம்.

கோவாவில் நடக்கும் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு வயது அதிகம். 1952இல் தொடங்கி ஊர் ஊராக நடந்து, 2004இலிருந்து கோவாவில் நிலைகொண்டிருக்கிறது. அண்மை ஆண்டுகளில் நவம்பர் 20இல் தொடங்குகிறது. நமக்கு வேண்டியது, இந்தியப் படங்களைத் தேர்ந்தெடுத்துக் காட்ட 1978இல் ஆரம்பித்த இந்தியன் பனோரமா பிரிவு. 25 கதைப்படங்கள், 20 கதைசாராப் படங்கள் என்பது வழக்கமான அளவு. 25 என்றதும் நிறைய இடம் இருப்பது போலத் தோன்றும். எத்தனை மொழிகள் என்று எண்ணிப் பாருங்கள். வெகுஜனப் படங்களுக்கென்று ஒதுக்கும் இடங்களும் அதற்குள்தான். தமிழுக்கு ஓரிரு இடம் கிடைத்தால் பெரிது.

பனோரமாவில் தேர்வானால் கிடைக்கும் நன்மை விழா நாளோடு முடிவதில்லை. தூதரகங்கள் நடத்தும் இந்தியத் திரைப்பட வாரங்கள், ஃபிலிம் சொசைட்டிகள் எல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் படம் கேட்கின்றன. அங்கேயே, அதே நாட்களில், 2007இலிருந்து தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்திவரும் ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தையும் உண்டு. உங்கள் படம் இன்னும் எடிட்டிங் மேசையில்தான் இருக்கிறது, பணம் தீர்ந்துவிட்டது என்றால், நீங்கள் போக வேண்டிய இடம் கோவாதான், ஆனால் விழாவுக்கு அல்ல, பஜாருக்கு. முடியாத படத்தைப் பார்த்து யோசனை சொல்பவர்களும், வெளிநாட்டு விழாக்களுக்குப் படம் தேர்ந்தெடுப்பவர்களும் அங்கே வருகிறார்கள். முடிந்த படத்துக்கு முதல் காட்சி நடத்த மட்டும் கோவா எனக்கு அவ்வளவாகப் பிடித்த இடமல்ல. கூட்டம் பல திசையில் சிதறும். பெரிய வெளிநாட்டுப் படங்களுக்கு நடுவே, பெயர் தெரியாத ஒரு தமிழ்ப் படத்தைத் தேடி வந்து உட்காருபவர் குறைவு.

என் வாக்கு திருவனந்தபுரத்துக்குத்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கேரள சர்வதேசத் திரைப்பட விழா 1996இல் ஆரம்பித்தது. டிசம்பரில் நடக்கும். ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கான போட்டிதான் அதன் முதுகெலும்பு. சிறந்த படத்துக்கான சுவர்ண சகோரத்தின் பரிசு 20 லட்சம் ரூபாய். ஆனால் இந்தக் கட்டுரைக்கு அதைவிட முக்கியமானது, அங்கே உள்ளூர்ப் படங்களை நடத்தும் விதம். ‘மலையாளம் சினிமா டுடே’ என்று ஒரு பிரிவு. ஒரு டஜன் படங்கள் போல அதில் வரும். பெரும்பாலும் புதியவர்கள் எடுத்தவை, பல படங்கள் தியேட்டரையே பார்க்காதவை. சில படங்களின் பயணமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. சர்வதேசப் போட்டியிலும் வழக்கமாக இரண்டு மலையாளப் படங்கள் சேரும். தம் மண்ணில் எடுத்த சின்னப் படத்தை, அர்ஜென்டினாவிலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்த படங்களுக்குப் பக்கத்தில் சமமாக வைத்துக் காட்டுகிறார்கள். விழாவை நடத்துவது கேரள அரசின் சலச்சித்ர அகாடமி; ஓர் அரசு அகாடமி செய்யக்கூடியதில் இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பார்வையாளர்கள் ஒரே நாளில் உருவானவர்கள் அல்ல. அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அதன் பிறகு சிற்றூர் வரைக்கும் பரவிய சொசைட்டிகள் வளர்த்தெடுத்த ரசனை அது. டாகூர் தியேட்டரில் இருக்கை நிரம்பினால் படிக்கட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் இயக்குநரை அவ்வளவு லேசில் விடமாட்டார்கள். கல்லூரி மாணவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், தொழிற்சங்கக்காரர் என்று ஆளுக்கொரு கேள்வி. உப்பளப் படம் என்றால், உப்பு வாருகிற பெண்ணுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு, ஏன் படத்தில் அது ஓரிடத்திலும் வரவில்லை என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கிற அரங்கில் முதல் காட்சி நடந்தால், அடுத்த எடிட்டிங்கில் என்ன செய்ய வேண்டும் என்பது அன்று ராத்திரியே தெரிந்துவிடும். டெலிகேட்டுகள், அதாவது பதிவு செய்து பாஸ் வாங்கிய பார்வையாளர்கள், வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருது ஒன்றும் உண்டு. ஜூரி கண்டுகொள்ளாத படத்தை ஜனங்கள் தூக்கி நிறுத்த அதில் வழி இருக்கிறது.

தமிழ்ப் படத்துக்கு அங்கே இன்னொரு வசதி. அரங்கில் பலருக்குத் தமிழ் காதால் புரியும். சப்டைட்டிலைப் படித்து முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிடும். ஊரின் பேச்சு வழக்கை நம்பி எடுத்த படத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் தூரம். திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 150 கிலோமீட்டர். சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். நடித்த உப்பளக்காரர்கள் ஒரு வேன் பிடித்தால் காலையில் கிளம்பி மத்தியானக் காட்சிக்கு அரங்கில் இருக்கலாம். அதே ஆட்களை சென்னைக்குக் கூட்டிப் போவதென்றால் இரண்டு ராத்திரிப் பயணம், தங்க இடம், இரண்டு மூன்று நாள் கூலி இழப்பு. குமரி, நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் எடுத்த படத்துக்குப் பக்கத்து விழா எதுவென்று மாநில எல்லையை மறந்துவிட்டுப் பார்த்தால், அது திருவனந்தபுரம்தான். தம்மைத் திரையில் பார்க்கும் உரிமை முதலில் நடித்தவர்களுக்கு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். விழாவைத் தேர்ந்தெடுக்கும்போது இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இடம் மிகக் குறைவு. சர்வதேசப் போட்டிக்கு வழக்கமாக 14 படங்கள். அதில் மலையாளம் போக மற்ற இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒன்றிரண்டு இடம்தான். ‘இந்தியன் சினிமா நவ்’ பிரிவில் ஏழெட்டுப் படங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் நுழைவு முடிந்துவிடும் என்பதால், அதற்குள் படம் பார்க்கும் நிலைக்காவது வந்திருக்க வேண்டும். அங்கே கைதட்டல் கிடைக்கும், நல்ல விமர்சனம் கிடைக்கும், ஆனால் தமிழ்நாட்டில் படத்தை வெளியிடுகிறவர்கள் அந்த அரங்கில் இருப்பது அரிது. அதற்கு வேறு இடம் வேண்டும்.

அந்த வேறு இடம் சென்னை. இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003இலிருந்து நடத்திவரும் விழா. தமிழக அரசின் நிதியுதவியும் இருக்கிறது. தமிழ்ப் படங்களுக்கென்று தனிப் போட்டி உண்டு, அதுதான் நமக்கான வாசல். நிறைவு நாள் மேடையில் திரைத்துறையே வந்து நிற்கும். பரிசு வாங்கிய படத்தின் பெயர் மறுநாள் தமிழ்ப் பத்திரிகைகளில் எல்லாம் வரும். ஓடிடியில் படம் வாங்குகிறவர், விநியோகஸ்தர், அடுத்த படத்துக்கு ஆள் தேடும் தயாரிப்பாளர் எல்லாரும் இருப்பது இந்த ஊரில். திருவனந்தபுரத்தில் பத்துப் பேர் எழுதும் விமர்சனத்தைவிட, இங்கே சரியான ஒருவர் அரங்குக்குள் நுழைந்துவிட்டால் படம் வெளியே வந்துவிடும்.

ஆனால் முதல் காட்சிக்கு ஏன் சென்னையைச் சொல்லவில்லை? அந்தத் தமிழ்ப் போட்டிப் பட்டியலைப் பாருங்கள். அந்த ஆண்டு தியேட்டரில் ஓடி முடித்த, பெரிய நட்சத்திரங்கள் நடித்த படங்கள் அதில் வரிசையாக இருக்கும். அவை தரமற்றவை என்று சொல்லவில்லை, பல நல்ல படங்கள் இருக்கின்றன. ஆனால் பல கோடி செலவில் எடுத்து ஏற்கெனவே ஊர் முழுக்கப் பேசப்பட்ட படமும், ஊர்க்காரர்களை நடிக்க வைத்து எடுத்த, யாரும் பார்க்காத படமும் ஒரே பட்டியலில் மோதும்போது, ஜூரி நியாயமாகவே நடந்துகொண்டாலும் பார்வையாளரின் கவனம் எந்தப் பக்கம் போகும் என்பது தெரிந்ததுதான். சென்னையில் பாஸ் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வருவது வெளிநாட்டுப் படங்களுக்காக. தமிழ்ப் படத்தை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு. விழாவுக்குப் பிறகு எங்கேயும் வரப்போகாத படம் என்றால் இந்த எண்ணம் அதைக் கொன்றுவிடும்.

வெளிவராத தமிழ்ப் படங்களுக்கென்று ஒரு தனிப் பிரிவு, ஒரே ஒரு அரங்கு, படம் முடிந்ததும் முக்கால் மணி நேரப் பேச்சு. சென்னை விழா இதைச் செய்தால் நான் இந்தக் கட்டுரையைத் திருப்பி எழுதுவேன். புனே விழாவில் மராத்திப் படங்களுக்கும் பெங்களூரு விழாவில் கன்னடப் படங்களுக்கும் தனிப் போட்டிகள் இருக்கின்றன. நம்மிடமும் போட்டி இருக்கிறது. வேண்டியது, இன்னும் யாரும் பார்க்காத படங்களுக்கு அதில் ஓர் ஓரம்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். இரண்டு விழாக்களும் ஒரே வாரத்தில் வருகின்றன. 2024இல் சென்னை டிசம்பர் 12 முதல் 19 வரை, திருவனந்தபுரம் 13 முதல் 20 வரை. இயக்குநர் ஒருவர்தான். இரண்டிலும் தேர்வானால் திருவனந்தபுரத்து முதல் திரையிடலுக்கு இயக்குநர் போகட்டும், கேள்விகளை எதிர்கொள்ள வேண்டியவர் அவர்தான். சென்னைக்குத் தயாரிப்பாளர் போகட்டும், யாரிடம் படத்தை விற்க வேண்டுமோ அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். திரையிடும் நாளை முடிவு செய்வதற்கு முன்பே இரண்டு அமைப்பாளர்களுக்கும் மற்ற விழாவின் பெயரைச் சொல்லி எழுதிவிட்டால், தேதி மோதாமல் பார்த்துக்கொள்ள அவர்களும் முயல்வார்கள். மறைத்து வைப்பதால் எந்த லாபமும் இல்லை.

யாழ்ப்பாணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015இல் அனோமா ராஜகருணா முன்னின்று ஆரம்பித்த யாழ்ப்பாணச் சர்வதேச சினிமா விழா, போரால் சினிமா அரங்குகளை இழந்த ஒரு மண்ணில் நடக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் எடுத்த குறும்படம் என்றால் முதல் காட்சி அங்கேதான் நடக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. கொழும்பும் சென்னையும் பிறகு பார்க்கட்டும். தமிழ்நாட்டுப் படத்துக்கு அது இரண்டாவது அல்லது மூன்றாவது காட்சியாக அமையலாம். பாக் நீரிணையில் மீன்பிடிக்கிறவர்களைப் பற்றிய படம் என்றால் மட்டும் வரிசையை மாற்றுவேன். கரையின் அந்தப் பக்கத்து மீனவர் அந்தப் படத்தைப் பார்த்து என்ன சொல்கிறார் என்பது எந்த ஜூரியின் தீர்ப்பைவிடவும் முக்கியம்.

குறும்படமும் ஆவணப்படமும் எடுத்தவர்கள் மேலே சொன்ன பெரிய விழாக்களில் நேரத்தை வீணடிக்க வேண்டாம். மதுரையில் 1998இலிருந்து ‘மறுபக்கம்’ அமைப்பு நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழா இருக்கிறது. அமுதன் ஆர்.பி. இத்தனை ஆண்டுகளாக அதைத் தூக்கிச் சுமக்கிறார். விருந்தினர் மாளிகையும் சிவப்புக் கம்பளமும் கிடையாது, ஆனால் மாணவர்களும் களத்தில் வேலை செய்கிறவர்களும் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். கேரளத்திலும் குறும்படம், ஆவணப்படத்துக்கென்று தனி விழா 2008இலிருந்து நடக்கிறது. சாதியைப் பேசும் படம் என்றால், தலித் வரலாற்று மாதமான ஏப்ரலில் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் நடத்தும் பி.கே. ரோசி திரைப்பட விழாவை நினைவில் வையுங்கள். அங்கே படத்தின் பின்னணியை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை, நேராகப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரே ஒரு வகை விழாவை மட்டும் முற்றாக ஒதுக்கச் சொல்வேன். மாதா மாதம் நடக்கும், நுழைவுக் கட்டணம் டாலரில், நூறு பிரிவுகளில் விருது, அனுப்பியவர் எல்லாருக்கும் விருதைக் குறிக்கும் இலைக் கிரீடச் சின்னம் ஒன்று மின்னஞ்சலில். அதைப் போஸ்டரில் வரிசையாக ஒட்டினால் வீட்டார் மகிழ்வார்கள், ஆனால் விழாக்களுக்குப் படம் தேர்ந்தெடுப்பவர்கள் அதைப் பார்த்ததும் படத்தைப் பற்றித் தப்பான முடிவுக்கு வந்துவிடுவார்கள். போன ஆண்டு எந்தத் தியேட்டரில், எத்தனை மணிக்கு, எந்தப் படம் போட்டார்கள் என்று அட்டவணை கேளுங்கள். காட்ட முடியாத விழாவுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அந்தக் காசைச் சப்டைட்டிலுக்குச் செலவழியுங்கள்.

சப்டைட்டில் என்றதும் உப்பளம் நினைவுக்கு வருகிறது. நண்பகல் வெயிலில் எடுத்த காட்சி, திரை முழுக்க வெண்மையாக உப்பு. அதன் மேல் வெள்ளை எழுத்தில் சப்டைட்டில். எடிட் செய்யும் மானிட்டரில் தெளிவாகத் தெரிந்தது பெரிய திரையில் கரைந்துபோகும். எழுத்துக்குக் கறுப்பு ஓரம் கொடுத்தால் தீர்ந்தது, ஆனால் தியேட்டரில் ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் இது கண்ணில் படும். தியேட்டரில் போடுவதற்கான டிஜிட்டல் பிரதியான டிசிபியைச் செய்து முடித்ததும் பக்கத்து ஊர் தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, முதல் ரீலையும், சத்தம் அதிகமான ஒரு காட்சியையும், இருட்டான ஒரு காட்சியையும் போட்டுப் பாருங்கள். 25 ஃபிரேமில் எடுத்து 24க்கு மாற்றியிருந்தால் வசனமும் உதடும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். எந்த விழாவைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒரு மணி நேரத்தை விடாதீர்கள்.

கடைசியாக, சென்சார் சான்றிதழ். சான்றிதழ் இல்லாத படத்தையும் மத்திய அரசின் விலக்கு பெற்று விழாவில் காட்டலாம், அந்த விலக்கை வாங்குவது விழா அமைப்பின் வேலை. எனவே விழாவுக்காக அவசரப்பட்டுச் சான்றிதழ் வாங்கத் தேவையில்லை. ஆனால் தேசிய விருதுக்குச் சான்றிதழ் தேதியைத்தான் பார்ப்பார்கள், ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரைக்குள் வாங்கிய படங்கள் அந்த ஆண்டுக் கணக்கு. திருவனந்தபுரத்தில் டிசம்பரில் முதல் காட்சி என்றால், அங்கே கேட்ட கேள்விகளை வைத்துப் படத்தைத் திருத்தி, ஜனவரியில் சான்றிதழுக்குப் போங்கள். தேசிய விருதுக்கு முழு ஆண்டும் கையில் இருக்கும். சான்றிதழ் வந்த பிறகு உப்பளத்து ஊரிலேயே ஒரு தியேட்டரை ஒரு நாளைக்கு எடுத்து ஊருக்குப் போட்டுக் காட்டவும் தடை இருக்காது.

திருவனந்தபுரம் கையை விரித்துவிட்டால்? அது நடக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அங்கிருந்து பதில் வரும்வரை சென்னையின் நுழைவு திறந்திருக்கும் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். இரண்டுக்கும் விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலேயே முதல் காட்சி என்று ஆகிவிட்டால், பட்டியல் வெளியான அன்றே யார் யார் அந்தக் காட்சிக்கு வர வேண்டும் என்று இருபது பேரை எழுதி, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுங்கள்.